கந்தகம் சேர்க்காதவர் படும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான, இயற்கை ஒயின் (கந்தகம் முதலியவற்றைச் சேர்க்காமல், அல்லது மிகக் குறைவாகச் சேர்த்துச் செய்யும் ஒயின்) பற்றிய கட்டுரையை இணையப் பதிப்பில் படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு பொருளைத் துணிந்து எடுத்துக்கொண்டதற்காகக் கட்டுரையாளரைப் பாராட்டுகிறேன். ஆனால் மனிதன் கை வைக்காமல் விட்டால் திராட்சை தானாகவே நல்ல ஒயினாகிவிடும், நம் ஊர்க் கள்ளும் அப்படித்தானே என்று அவர் எழுதியிருப்பதும், இத்தகைய ஒயினைக் குடித்தால் தலைவலி வராது, உடலுக்குத் தீங்கும் இல்லை என்று அவர் முடித்திருப்பதும் என்னை இக்கடிதம் எழுத வைத்தன. புதுச்சேரியில் பிறந்த நான் பிரான்சின் போஜோலே வட்டாரத்தில் உள்ள ஓர் ஒயின் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கந்தகம் சேர்க்காமல் ஒயின் செய்கிறவர்கள், மற்ற எவரையும் விட அடிக்கடி எங்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்பதே அக்கட்டுரைக்கு நான் சொல்லக்கூடிய முதல் மறுப்பு.

கள் என்ற ஒப்பீட்டை நான் முற்றிலும் தள்ளிவிடவில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர் கிடைக்கும், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டுகள் யாரும் அழைக்காமலே வந்து வேலை செய்கின்றன என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடுகிறது. அன்றே தீர்ந்துபோவதால் அதில் யாருக்கும் குறையில்லை. செப்டம்பரில் பறித்த திராட்சையில் இருந்து வரும் ஒயினோ, அடுத்த கோடை வரையில் தொட்டியிலோ மரப்பீப்பாயிலோ கிடந்து, பிறகு புட்டியில் அடைபட்டு, லாரியிலும் கப்பலிலும் கடைத்தட்டிலும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் நிற்க வேண்டியது. அவ்வளவு காலம் அதைக் காக்கும் வேலையைத்தான் வழக்கமான ஒயின் தயாரிப்பில் கந்தக டை ஆக்ஸைடு செய்கிறது. அது வேண்டாத நுண்ணுயிர்களை அடக்கும். ஆக்சிஜனால் ஒயின் பழுப்பேறுவதையும் தடுக்கும். பழம் வந்து இறங்கும்போது ஒருமுறை, நொதித்தல் முடிந்தபின் ஒருமுறை, புட்டியில் அடைக்கும்போது ஒருமுறை எனச் சேர்ப்பது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரையிலும், வெள்ளை ஒயினில் 200 மில்லிகிராம் வரையிலும் இதற்கு அனுமதி உண்டு. இந்தக் காவலை விலக்கிவிடுகிறவர், அது செய்துவந்த வேலை முழுவதையும் தம் கண்ணாலும் மூக்காலும் கையாலும் செய்தாக வேண்டும்.

இன்றைய இயற்கை ஒயின் இயக்கத்துக்கு மூலவராகக் கருதப்படுபவர், இதே போஜோலேயின் லா ஷபெல் த கெஷே ஊரைச் சேர்ந்த ஜூல் ஷோவே. 1907-இல் பிறந்து 1989-இல் மறைந்த இவர், ஒயின் வணிகராக இருந்துகொண்டே வேதியியலும் நுண்ணுயிரியலும் பயின்றவர்; ஈஸ்ட்டுகளையும் பாக்டீரியாக்களையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கந்தகம் இல்லாமலும் ஒயின் செய்யலாம் என்ற முடிவுக்கு அவர் வந்தது, எந்த நுண்ணுயிர் எந்த வெப்பநிலையில் என்ன செய்யும் என்று கணக்குப் பார்த்த பிறகுதான். அறிவியலை வெறுக்கும் மனப்பான்மையில் இருந்து இந்த இயக்கம் பிறந்தது என்ற தொனி தங்கள் கட்டுரையில் இருக்கிறது. வரலாறு அதற்கு நேர்மாறானது.

ஷோவேயிடம் பாடம் கேட்டவர்களில் முதன்மையானவர் வில்லியே-மோர்கோன் ஊரின் மார்செல் லபியேர். 1973-இல் குடும்பத் தோட்டத்தை ஏற்றுக்கொண்ட அவர் 2010-இல் காலமானார். ழான் ஃபொயார், கி பிரெத்தோன், ழான்-போல் தெவனே ஆகிய பக்கத்துத் தோட்டக்காரர்களும் அவரோடு சேர்ந்துகொண்டனர். அன்றைய போஜோலே நிலவரம் தெரிந்தால்தான் இவர்கள் செய்தது எத்தகையது என்பது புரியும். களைக்கொல்லியும் ரசாயன உரமும் தோட்டத்தில் தாராளம். தொட்டியில் ஆல்கஹால் ஏற்றுவதற்குச் சர்க்கரை. பொட்டலத்தில் வாங்கிய ஈஸ்ட் தரும் வாழைப்பழ வாசனை. இவற்றோடு, நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமைக்குள் உலகெங்கும் போய்ச் சேர வேண்டிய புது ஒயினுக்கான அவசரம். அந்தக் காலத்தில் சர்க்கரையும் வேண்டாம், வாங்கிய ஈஸ்ட்டும் வேண்டாம், கந்தகமும் வேண்டாம் என்று சொன்னவர்களை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, ஒன்றும் சேர்க்காதவர் அறுவடைக் காலத்தில் என்ன செய்கிறார் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கட்டுரையில் விடுபட்டது இதுதான். போஜோலேயில் கமே என்ற கறுப்புத் திராட்சையைக் குலை குலையாகக் கையால் பறிப்பார்கள். இயற்கை முறையினர் சிறிய கூடைகளில் எடுப்பார்கள்; பெரிய தொட்டியில் கொட்டினால் அடிப்பழம் நசுங்கிச் சாறு ஒழுகி, வழியிலேயே வேண்டாத நொதித்தல் தொடங்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு குலையையும் திருப்பிப் பார்த்து, அழுகியதையும் ஈ மொய்த்ததையும் கத்தரித்து எறிய வேண்டும். 2008 முதல் ஐரோப்பாவில் பரவிய புள்ளிச் சிறகுப் பழ ஈ, பழுக்கும் பழத்தின் தோலையே கிழித்து முட்டையிடுவது; அந்தக் கிழிசல் வழியே அசிட்டிக் பாக்டீரியா புகுந்தால் பழம் செடியிலேயே காடியாகத் தொடங்கும். கந்தகம் சேர்ப்பவர் இத்தகைய பழம் பத்தில் ஒன்று வந்தாலும் சமாளித்துவிடுவார். சேர்க்காதவருக்கு அந்த வசதி கிடையாது.

பொறுக்கிய குலைகளை இரவு முழுவதும் குளிரறையில் வைத்து, மறுநாள் காலையில் நசுக்காமல் முழுசாகத் தொட்டியில் நிரப்புகிறார்கள். பாரத்தில் அடியிலுள்ள பழம் உடைந்து சாறு ஊறும். அந்தச் சாறு நொதிக்கும்போது எழும் கரியமில வாயு தொட்டியை நிறைக்கும். ஆக்சிஜன் கிடைக்காத மேற்குலைகளில் பழத்துக்குள்ளேயே ஒருவித நொதித்தல் நடந்து, ஏறத்தாழ 2 சதவீத ஆல்கஹால் பழத்தின் உள்ளேயே உருவாகும். கமே ஒயினின் அந்தப் பழவாசனை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் கிடைப்பது. பார்ப்பதற்குத் தொட்டி சும்மா இருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் நாள்தோறும் காலையும் மாலையும் அடியில் இருந்து ஒரு குவளை சாறு பிடித்து, அடர்த்தியும் வெப்பநிலையும் பார்த்து, சுவைத்து, சந்தேகம் வந்தால் அதே கையோடு எங்களிடம் கொண்டுவருகிறார்கள். நாங்கள் நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்றைத்தான்: முட்டை வடிவ ஈஸ்ட் செல்கள் அரும்பு விட்டுப் பெருகுகின்றனவா, அல்லது அவற்றுக்கு இடையில் பொடிப்பொடியாகவும் சங்கிலியாகவும் பாக்டீரியா தலைதூக்குகிறதா.

ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். ஈஸ்ட் சோம்பிவிட்டால், சர்க்கரை மீதமிருக்கும்போதே லாக்டிக் பாக்டீரியா முந்திக்கொள்ளும். பழத்தின் புளிப்பில் ஒரு பகுதியான மாலிக் அமிலத்தைத் தின்று முடித்ததும் அது சர்க்கரையில் கை வைக்கும்; அப்போது உருவாவது அசிட்டிக் அமிலம், அதாவது காடி. சிவப்பு ஒயினில் அதன் சட்ட வரம்பு லிட்டருக்கு 1.2 கிராம். அதைத் தாண்டிவிட்டால் ஒயினாக விற்க வழியில்லை. ஓராண்டு உழைப்பு சில நாட்களில் வினிகராகும் இந்த ஆபத்துக்கு அஞ்சித்தான் விவரமான தோட்டக்காரர்கள், அறுவடைக்குச் சில நாள் முன்பே தம் தோட்டத்தில் கொஞ்சம் நல்ல குலைகளைப் பறித்துச் சிறு பாத்திரத்தில் நொதிக்க வைத்து, அதில் சுறுசுறுப்பானதைத் தொட்டிக்கு உறையாக ஊற்றுகிறார்கள். அதுவும் ஈஸ்ட் சேர்ப்பதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தோட்டத்து ஈஸ்ட்டே என்பதால் இயற்கை முறைக்காரர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாகச் சுத்தம். பம்பு, குழாய், வாளி, பிழியும் எந்திரத்தின் இடுக்கு என ஒன்று விடாமல் வெந்நீரில் கழுவிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால், அறுவடைக் காலத்தில் இவர்கள் ஒயின் செய்கிறார்களா, பாத்திரம் துலக்குகிறார்களா என்று ஐயம் வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் சில தொட்டிகள் தவறிப்போகத்தான் செய்கின்றன. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் இயற்கை ஒயினைப் புகழ்வது நேர்மையாகாது. பிரெத்தனோமைசஸ் என்ற ஈஸ்ட் மிஞ்சினால் குதிரை லாயத்தின் வாடை வரும். எலிவாடை என்று சொல்லப்படும் குறை இன்னும் தந்திரமானது: கிண்ணத்தை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, விழுங்கிய சில நொடிகள் கழித்து, எலிக்கூண்டைக் கழுவாமல் வைத்தது போன்ற ஒரு கெட்ட சுவை நாக்கின் பின்புறம் எழுந்து நெடுநேரம் நிற்கும். ஒயினின் அமிலத்தன்மையில் அடங்கிக் கிடக்கும் அந்தச் சேர்மங்கள் உமிழ்நீர் பட்டதும் ஆவியாகத் தொடங்குவதே காரணம். ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பது எங்கள் தொழிலில் இதைப் பிடிக்கும் எளிய வழி. பாரிஸ் மதுக்கூடங்களில் சிலர் இத்தகைய குறைகளையே தனித்தன்மை என்று கொண்டாடுவதை நான் கேட்டிருக்கிறேன். ஷோவே அதைக் கேட்டிருந்தால் சினந்திருப்பார். மிக நுட்பமான மூக்குடையவர் என்று பெயர் பெற்றவர் அவர்.

தோட்டத்துக்கு வருவோம். ரசாயனம் இல்லாத திராட்சை என்று கட்டுரை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. 1870-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இருந்து பிரான்சுக்கு வந்துசேர்ந்த அடிச்சாம்பல் என்ற திராட்சைக்கொடி நோய்க்கு, 1885-இல் போர்டோவில் தாவரவியலாளர் மில்லார்தே அறிவித்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்துதான் இன்றைக்கும் இயற்கை வேளாண்மைக்காரரின் முதன்மைத் துணை. நம் ஊர்க் கொடிமுந்திரித் தோட்டங்களிலும் போர்டோ கலவை என்ற பெயரில் அடிக்கப்படுவது அதுவே. ஊடுருவிப் பாயும் மருந்து அல்ல என்பதால் பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடியும் அடிக்க வேண்டும். 2024-இல் மழை ஓயாமல் பெய்தபோது, இங்கே இயற்கை முறையில் பயிரிடுகிறவர்கள் ஞாயிறு என்றும் பாராமல் முதுகில் தெளிப்பானைச் சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கினார்கள். அப்படியும் விளைச்சலில் பெரும்பகுதியை இழந்தவர்கள் உண்டு. செம்பு மண்ணில் சிதையாமல் தங்கி, மண்ணின் உயிர்களுக்கு ஊறு செய்யும் என்பதால், ஏழாண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் வரையறுத்திருக்கிறது. ஆகவே இயற்கை வேளாண்மை என்பது மருந்தே அடிக்காத வேளாண்மை அன்று. களைக்கொல்லியை நிறுத்தியதால் எந்திரம் ஏற முடியாத சரிவுகளில் மண்வெட்டி பிடித்துக் கொத்துவதும் இதோடு சேர்ந்த கதைதான்.

இயற்கை வேளாண் சான்று பெற்ற ஒயினும் இயற்கை ஒயினும் ஒன்றே என்று கட்டுரை கொள்வதும் சரியல்ல. ஐரோப்பாவில் 2012 வரை இயற்கை வேளாண்மையில் விளைந்த திராட்சையால் செய்த ஒயின் என்றுதான் புட்டியில் எழுத முடிந்தது. நிலவறையில் நடப்பதற்கு விதி இருக்கவில்லை. அந்த ஆண்டு வந்த விதிமுறை கந்தகத்தின் உச்சவரம்பைச் சிவப்பில் 100, வெள்ளையில் 150 மில்லிகிராம் என்று குறைத்தது. ஆனால் வாங்கிய ஈஸ்ட், துவர்ப்பூட்டும் டானின், முட்டை வெள்ளை, மீனின் காற்றுப்பையில் இருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் போன்றவற்றை அது தடுக்கவில்லை. (ஒயினைச் சைவம் என்று நம்பி அருந்தும் அன்பர்கள் இந்தக் கடைசி இரண்டையும் கவனிக்கலாம், ஒயினைத் தெளிய வைக்கப் பால்புரதமும் பயன்படுவதுண்டு.) இயற்கை ஒயினுக்கு ஒன்றிய அளவில் சட்ட வரையறை இன்றுவரை இல்லை. பிரான்சில் மட்டும் 2020-இல், தோட்டக்காரர்களின் சங்கமொன்று வகுத்த 'வேன் மெத்தோத் நத்யூர்' (இயற்கை முறை ஒயின்) என்ற சாசனத்துக்கு அரசு அமைப்புகளின் இசைவு கிடைத்தது. சான்று பெற்ற இயற்கை வேளாண் திராட்சை, கையால் அறுவடை, தோட்டத்து ஈஸ்ட், எந்தச் சேர்மானமும் இன்மை, நொதித்தலுக்கு முன்னும் அதன்போதும் கந்தகம் கூடாது, பின்னர் சேர்த்தாலும் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என்பன அதன் முக்கிய நிபந்தனைகள். கந்தகம் சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் தனித்தனி முத்திரை. பிடிக்கிறதோ இல்லையோ, இது சரிபார்க்கக்கூடிய வாக்குறுதி. அட்டையில் கோழிக்குஞ்சு படமும் கையெழுத்துப் போன்ற எழுத்தும் போட்டு இயற்கை என்று விற்பதற்கு அந்தத் தகுதி கிடையாது.

ஜார்ஜிய நாட்டைப் பற்றிக் கட்டுரையில் இருந்த வரிகளை மகிழ்வோடு படித்தேன். அங்கே கி.மு. 6000 அளவிலேயே திராட்சை ஒயின் செய்ததற்கான எச்சங்கள் மண்பாண்டத் துண்டுகளில் கிடைத்தமை 2017-இல் வெளியானது; மண்ணில் புதைத்த க்வெவ்ரி சாடிகளில் ஒயின் செய்யும் மரபு 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் சாடியில் கொட்டி மூடிவிட்டு வசந்தத்தில் திறப்பதோடு வேலை முடிந்தது என்பது சரியான சித்திரம் அன்று. நொதிக்கும் நாட்களில் மேலே மிதந்து வரும் தோலையும் காம்பையும் நாளுக்குப் பல தடவை கோலால் அமிழ்த்த வேண்டும்; இல்லாவிட்டால் அந்த மேற்பரப்பே காடியாகும். காலியான சாடியைத் துலக்குவதோ, ஆள் உள்ளே இறங்கிச் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை.

உடல்நலம் பற்றிய கூற்றுக்குத்தான் நான் மிகவும் வருந்துகிறேன். சல்ஃபைட்டே (ஒயினில் கலந்த கந்தக டை ஆக்ஸைடைப் புட்டியில் இப்பெயரால்தான் குறிப்பார்கள்) தலைவலிக்குக் காரணம் என்பது நிறுவப்பட்ட செய்தி அன்று. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒவ்வாமல் போவது உண்மை. அதனால்தான் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் சல்ஃபைட் உள்ளது என்று புட்டியில் எழுதியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நொதிக்கும் ஈஸ்ட்டே சிறிதளவு சல்ஃபைட் உண்டாக்குவதால், ஒன்றும் சேர்க்காத ஒயினிலும் அந்த வாசகம் வரக்கூடும் என்பதையும் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை ஐரோப்பாவில் அனுமதி உண்டு. அதைத் தின்று தலைவலி வந்தது என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை. கந்தகம் சேர்த்த ஒயினிலும் சேர்க்காத ஒயினிலும் ஆல்கஹால் 12, 13 சதவீதம்தான். அந்த ஆல்கஹாலை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்று 2023 ஜனவரியில் அந்நிறுவனம் தெளிவாகவே கூறியது. ஒயின் பரிசோதனையையே பிழைப்பாகக் கொண்ட நான் இதைச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். இயற்கை ஒயினை விரும்புவதற்கு அதன் சுவையும், நிலத்தை நடத்தும் முறையும் போதிய காரணங்கள். மருந்துக்கடை வாசகங்கள் அதற்குத் தேவையில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையில் இதைச் செய்து பார்க்கலாமே என்று கட்டுரையாளர் ஆசைப்படுகிறார். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பழம், உலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படும் மணமுள்ள வகை, ஆசையில் தவறில்லை. ஆனால் வெப்ப நிலத்தில் பழுக்கும் திராட்சையில் அமிலம் விரைவாகக் குறைந்துவிடும். அமிலம் குறைந்த சாறு பாக்டீரியாவுக்கு விருந்து. குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்காமல் கவாத்துக்கு ஏற்ப ஆண்டு முழுவதும் காய்க்கும் கொடியில் நோயும் ஆண்டு முழுவதும் தொடரும். மழைக்காலத்தில் அடிச்சாம்பலை மருந்துக் குறைப்போடு சமாளிப்பது போஜோலேயில் செய்வதைவிடப் பன்மடங்கு கடினம். செய்து முடித்தாலும், கந்தகம் இல்லாத புட்டியை 14 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று இங்கே அட்டையிலேயே அச்சிடுகிறார்கள். சித்திரை மாதத்தில் கம்பத்தில் இருந்து சென்னைக்குச் சாதாரண லாரியில் போகும் புட்டியின் கதி என்னவாகும்? எனவே முதலில் தோட்டத்தில் மருந்தைக் குறைத்து, பிறகு வாங்கும் ஈஸ்ட்டை விட்டு, கடைசியாகவே கந்தகத்தைக் குறைக்கும் வரிசையில் போவதுதான் புத்திசாலித்தனம். இங்கேயும் தாக்குப்பிடித்தவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையில் வந்தவர்களே. லபியேரின் தோட்டத்தில்கூடக் கந்தகமே சேர்க்காத புட்டியும், சிறிதளவு சேர்த்த புட்டியும் தனித்தனி எழுத்துக் குறியோடு வெளிவந்திருக்கின்றன; எந்தப் புட்டி எங்கே எந்தச் சூட்டில் போய்ச் சேரும் என்று பார்த்துக் கொடுப்பதற்கு அந்த ஏற்பாடு வசதியானது.

2023 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அதற்குப் பிறகு தயாரான ஒயின்களுக்குச் சேர்மானப் பட்டியலை ஐரோப்பாவில் வெளியிட்டாக வேண்டும். பெரும்பாலான புட்டிகளில் அது கியூஆர் கட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. இத்தகைய ஒயினை வாங்க நேரும் வாசகர்கள் அந்தக் கட்டத்தைக் கைபேசியில் திறந்து பார்க்கலாம். திராட்சை என்ற ஒரே சொல் மட்டும் இருந்தால் ஒரு செய்தி. அதன்கீழ் அமிலச் சீராக்கி, நிலைநிறுத்தி என்று வரிசை நீண்டால் வேறு செய்தி.

தலைவலியும் உடல்நலமும் பற்றிய பத்திக்கு மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் இப்பக்கம் வர வாய்ப்பிருந்தால், செப்டம்பர் முதல் வாரம் ஏற்ற காலம். வேலைக்கு ஆள் போதாத நேரம் என்பதால் கத்தரிக்கோலும் கூடையும் கொடுத்து எந்தத் தோட்டத்திலும் சேர்த்துக்கொள்வார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
வில்ஃப்ரான்ஷ்-சூர்-சோன், பிரான்ஸ்